டூப்பு மேடத்தின் இடது தோள்

எனக்குப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் பதவிக்குப் பெயர் துணை இசைஞர். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் கொடுத்திருக்கும் பெயர் டூப்பு மேடம். எது பொருத்தம் என்று கேட்டால் நான் பிள்ளைகள் பக்கம்தான். சினிமாவில் மாடியிலிருந்து குதிப்பது ஒருவன், கைதட்டு வாங்குவது இன்னொருவன். அந்த முதல் ஆள் செய்வதை நான் பியானோவில் செய்கிறேன், அவ்வளவுதான்.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் மாணவர் இசைக்குழு ஒரு பெரிய கச்சேரி நடத்தும். வாசிப்பதெல்லாம் இருநூறு இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் எழுதப்பட்ட மேற்கத்திய உருப்படிகள். வெளியூரிலிருந்து பேர்பெற்ற விருந்தாளி ஒருவர் வந்து முன்னால் உட்கார்ந்து பியானோ வாசிப்பார், ஐம்பது பிள்ளைகள் அவரோடு சேர்ந்து வாசிப்பார்கள். ஆனால் விருந்தாளி கச்சேரி அன்று காலையில்தான் வந்து இறங்குவார். அதற்கு முன் மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், பிள்ளைகள் யாரோடு பழகுவது? அதற்குத்தான் நான். விருந்தாளியின் பங்கை முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை நான் வாசிப்பேன். அவர் வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து கொடுப்பேன். பதினோரு வருடமாக எழுந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு விருந்தாளி காய்ச்சலில் படுத்துவிட்டார். முந்தின நாள்தான் சேதி வந்தது. நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய், கருப்பு உடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கதவில் மாட்டிவைத்தேன். மறுநாள் காலை புரொபசர் என்னைக் கூப்பிட்டார். குழுவை நடத்துபவர் அவர்தான், தாளம் காட்டும் கோல் அவர் கையில். "இந்த வருஷம் பியானோ இல்லாமலே நடத்திடலாம்னு பாக்கறேன், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று என்னிடமே கேட்டார். நல்ல யோசனை சார் என்றேன். வேறென்ன சொல்ல? அந்த உடை ஒரு வாரம் கதவிலேயே தொங்கியது. எடுத்து மடிக்க மனசு வரவில்லை.

இந்த வருட விருந்தாளி சுருட்டை. முடியைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர். நானும் அவளும் இதே கட்டடத்தில், இதே மூன்றாவது மாடியில், ஒரே ஆசிரியரிடம் நாலு வருடம் படித்தவர்கள். என்னை அவள் வாயாடி என்பாள். படிப்பு முடிந்ததும் அவள் உலகத்தைச் சுற்றப் போனாள். நான் மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடிக்கு வந்தேன். ஆனால் இரண்டு வருடமாக அவளை எந்த மேடையிலும் காணோம். வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு இதுதான் முதல் கச்சேரி. தலைநகரத்துப் பெரிய அரங்கிலிருந்து ஓர் ஆள் இதைக் கேட்கவே வருகிறார் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். அவர் தலையை ஆட்டினால் சுருட்டைக்கு மறுபடி மேடை உண்டு. ஆட்டாவிட்டால் அவள் கதை முடிந்தது.

கச்சேரி அன்று காலை எழும்போதே எனக்கு முதுகு பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பொடி எழுத்தைப் படிப்பதில் புலி. சாப்பாட்டு மேசையில் நிகழ்ச்சி நோட்டீஸை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினார்.

"இந்தத் தடவையும் உன் பேரக் காணோமே?"

"கடைசிப் பக்கம் பாருங்க. நாற்காலி போட்டவங்களுக்கு நன்றின்னு ஒரு வரி இருக்கும். அதுக்குள்ள இருக்கேன்."

"ஆஹா, ஏறுது ஏறுது."

"என்ன ஏறுது?"

"உன் இடது தோள். நீ திட்டறதுக்கு அரை செகண்ட் முன்னால அது ஏறும். இருபது வருஷமா பாக்கறேன். அது ஏறினா நான் அடுத்த ரூமுக்குப் போயிடுவேன்."

"அப்பப் போங்க."

போய்விட்டார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "சாயங்காலம் கண்டிப்பா வர்றேன். சீட்டு எடுத்து வச்சிருக்கேன்." இதே வசனத்தைப் பதினோரு வருடமாகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் அரங்கில்தான் பரீட்சையும் நடக்கும். தரையில் வரிசை எண்கள் சுண்ணாம்பில் எழுதியது எழுதியபடி கிடக்கும். பிள்ளைகள் அந்த எண்களின் மேல்தான் நாற்காலி போட்டுக்கொள்வார்கள். இசைத் துறைப் பிள்ளைகள் பாதிப் பேர்கூடக் கிடையாது. மீதி எல்லாம் பொறியியல், மருத்துவம், கணக்கு. முதல் வயலின் வாசிக்கும் பெண் இயற்பியல் படிக்கிறாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

இந்தப் பிள்ளைகளோடு எனக்கு ஒரே ஒரு சண்டைதான் நடந்திருக்கிறது. முதல் மாதத்தில் ஒருநாள், நான் கடைசி வரியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் ஒருவன் எழுந்து கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். வந்ததே கோபம். "நான் என்ன சுவரா? இங்க நான் எழுந்திருக்கிற வரைக்கும் ஒருத்தர் எழுந்திருக்கக் கூடாது!" என்று கத்திவிட்டேன். புரொபசரே பயந்துபோனார். அன்றிலிருந்து ஒத்திகை முடிந்தாலும் ஐம்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். நான் பியானோவை மூடி, பையைத் தேடி எடுத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்த பிறகுதான் நாற்காலிகள் நகரும். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பத்து மணிக்குச் சுருட்டை வந்தாள். சுருள் முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டபோது வலது கையை மட்டும் விலக்கி வைத்துக்கொண்டதைக் கவனித்தேன்.

"வாயாடி, எனக்குப் பக்கம் திருப்ப ஆள் வேணும். நீயே உக்காரு."

"நீ எல்லாத்தையும் பாக்காமத்தானே வாசிப்ப?"

"அது அப்போ. இப்ப நோட்டு முன்னால இல்லாம தைரியம் வரல."

சரி என்றேன். பக்கம் திருப்புவது சின்ன வேலை இல்லை, ஆனால் கண்ணில் படக்கூடாத வேலை. வளையல் கூடாது, மோதிரம் கூடாது, வாசனை கூடாது, கிறீச்சிடும் செருப்பு கூடாது. வாசிப்பவரின் இடது பக்கம் கொஞ்சம் பின்தள்ளி உட்கார வேண்டும். நேரம் வரும்போது எழுந்து, இடது கையால் தாளின் மேல் மூலையைப் பிடித்துத் திருப்பிவிட்டு, சத்தமில்லாமல் உட்கார வேண்டும். கைதட்டும்போது எழுந்திருக்கவே கூடாது. பியானோவின் வலது பக்கம் சபை, இடது பக்கம் குழு. ஆக, நான் உட்கார்ந்திருந்த இடம் சுருட்டைக்கும் வயலின்காரர்களுக்கும் நட்டநடுவில். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒத்திகை தொடங்கியது. உருப்படியின் மூன்று பகுதிகளில் முதல் பகுதி நன்றாகவே போனது. அவள் கை ஓடியது. எனக்கு வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் நான் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய பிள்ளைகள் அவளுக்காக வாசித்தார்கள், என்னிடம் வாசித்ததைவிட நன்றாகவே வாசித்தார்கள்.

பகுதி முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் குழு நின்றுவிடும். பியானோ மட்டும் தனியாக, தன் இஷ்டத்துக்கு ஒன்றரை இரண்டு நிமிடம் வாசிக்கும். இதற்குக் கடென்ஸா என்று பெயர். எப்போது முடியும் என்பதற்கு அடையாளம் ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை விரல்கள் மாற்றி மாற்றி வேகமாக அடித்து ஒரு நடுக்கம் கொடுக்கும். டிரில் என்போம். அந்தக் காலத்து இசையில் டிரில் என்றால் பள்ளிக்கூட மணி மாதிரி. அது அடங்கியதும் ஐம்பது பேரும் ஒன்றாக உள்ளே பாய வேண்டும்.

சுருட்டை தானே எழுதிய கடென்ஸா அது, அன்று காலையில்தான் கொண்டுவந்தாள்; அதுவரை ஒத்திகையில் அந்த இடத்தில் நான் கடைசி டிரிலை மட்டும் வாசித்துவிடுவேன். நடுவில் வேடிக்கையாக ஒரு பொய் டிரில் வைத்திருந்தாள். முடியப்போகிறது என்று நினைக்க வைத்துவிட்டு மறுபடி ஓடும். அந்த இடத்தில்தான் தாள் திருப்ப வேண்டியிருந்தது. நான் எழுந்து கையை நீட்டினேன். அவ்வளவுதான், பதினாலு வயலினும் ஒன்றாகக் கிளம்பின. மற்றவர்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"யாரு? யாரு அது? காதுல என்ன வச்சிருக்கீங்க?" புரொபசர் கோலால் ஸ்டாண்டைத் தட்டினார்.

மறுபடி. அதே இடம், அதே தாள். நான் எழுந்தேன். இந்த முறை முழுக் குழுவும் உள்ளே வந்தது. மத்தளக்காரன் உட்பட.

"கடென்ஸாவ விட்டுடலாம், நேரமில்ல. சாயங்காலம் எல்லாரும் என் கோல மட்டும்தான் பாக்கணும். புரியுதா? கோல மட்டும்!" என்று கத்திவிட்டுப் புரொபசர் கடைசி டிரிலிலிருந்து தொடங்கச் சொன்னார். அது சரியாக வந்தது. இடைவேளை விட்டார்கள்.

முதல் வயலின்காரி என்னிடம் வந்து நின்றாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. நீங்க தோளைத் தூக்கினீங்க."

"நான் பக்கம் திருப்பினேன்மா."

"தெரியும் மேடம். எங்களுக்குத் தெரியுது, கைக்குத் தெரியலையே. மூணு மாசமா உங்க இடது தோள் ஏறினா வாசிப்போம். சாரோட கோல் எப்பவும் லேட்டு."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும். சாரைத் தவிர."

என் பிடரியில் வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. காலையில் வீட்டுக்காரர் சொன்னதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டேனே! மூன்று மாதம் நான் பாட்டை மட்டும் பழக்கவில்லை, என் தோளையும் சேர்த்துப் பழக்கியிருக்கிறேன். இதைப் புரொபசரிடம் போய்ச் சொன்னேன், கோல் தாமதம் என்பதை மட்டும் விழுங்கிவிட்டு. அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"அப்ப நீங்க உள்ள இருந்துடுங்க. வேற யாராவது திருப்பட்டும்."

"இவ இல்லன்னா நான் வாசிக்கல" என்றாள் சுருட்டை, என் பின்னாலிருந்து.

அவள் அப்படிச் சொன்னதற்கு என் மேல் உள்ள பாசம் காரணம் என்று அசட்டுத்தனமாக நினைத்துக்கொண்டேன். புரொபசர் என்னைப் பார்த்தார். "சரி. ஆனா கல்லு மாதிரி உக்காரணும். ஒரு அசைவு இருக்கக் கூடாது." வேலை சுலபமாக இருக்கட்டும் என்று நகல் எடுக்கும் அறைக்குப் போய், கடென்ஸாவின் பக்கங்களைப் பிரதி எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நீளத் தாளாக்கினேன். இனி அந்த இரண்டு நிமிடமும் நான் எழுந்திருக்கத் தேவையில்லை.

ஒட்டிய தாளோடு ஒப்பனை அறைக்குப் போனபோது மணி மூன்று. சுருட்டை கைகழுவும் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டு வலது கையை அதில் பிடித்திருந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"இங்க வா. பாரு."

கையைத் துடைத்துவிட்டு மேசை விளிம்பில் விரல்களை வைத்து டிரில் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு நொடி. விரல் நின்றுவிட்டது. நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. மணிக்கட்டு கட்டையாகிப்போனது.

"எந்த விரல்ல போட்டாலும் இதேதான். தொடக்கத்துல நல்லா இருக்கும். காலைல கேட்டியே, அது ஓய்வுல இருந்த கை. கடென்ஸா முழுக்க வாசிச்சிட்டு வந்தா ரெண்டு செகண்ட்கூடத் தாங்க மாட்டேங்குது. சில நாள் தாங்குது. இன்னைக்கு எந்த நாள்னு எனக்குத் தெரியல."

"கடென்ஸாவக் குறைச்சிடு."

"அந்தாளு கேக்க வர்றதே அதைத்தான்டி. வாசிக்க முடியாம கிடந்த ரெண்டு வருஷத்துல நான் எழுதினது அது ஒண்ணுதான்." மூக்கை உறிஞ்சினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள். "நீ வாசிச்சிடேன். எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடறேன். கடென்ஸா தவிர எல்லாம் உனக்குத் தெரியும், அதை வேணா நீ குறைச்சிடு. பிள்ளைங்களுக்கும் நீதான் பழக்கம். வாசிச்சிடு வாயாடி."

ஆசை என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பொய் சொல்வானேன். பதினோரு வருடம். கதவில் ஒரு வாரம் தொங்கிய உடை. வீட்டுக்காரர் வேறு இன்றைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சரி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவளாகத்தானே கேட்கிறாள், நானா பிடுங்கினேன்? அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கு சிவந்து, இருபது வயதில் பரீட்சைக்கு முன்னால் வாந்தி எடுத்துவிட்டு வருவாளே, அதே முகம். காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் பெரிய அரங்கின் ஆள் அடுத்த ரயிலைப் பிடிப்பார். அதற்குப் பிறகு இவளை யார் கூப்பிடப்போகிறார்கள்? அழுகிறவளின் நாற்காலியில் போய் உட்கார எனக்கு வரவில்லை.

"போடி இவளே. மூஞ்சியக் கழுவிட்டு வா. காய்ச்சலாம் காய்ச்சல்" என்றேன்.

சொன்ன மறு வினாடியே என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டாள், முட்டாள் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே நின்றேன்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்ப இன்னொண்ணு செய். என் டிரில் நின்னுபோச்சுன்னா நீ தோளைத் தூக்கு."

"என்னது?"

"காலைல பாத்தேனே. புரொபசர் டிரில் முடியறதுக்குக் காத்துக்கிட்டு நிப்பாரு. பாதில அறுந்துதுன்னா அவருக்குப் புரியறதுக்குள்ள ஊரே சிரிச்சிடும். பிள்ளைங்க உன்னைத்தான் பாக்கறாங்க. என் கை உனக்குத்தான் பக்கத்துல தெரியும். அதுக்குத்தான் உன்னை விடமாட்டேன்னேன்."

ஆக, பாசம் இல்லை, தோள். எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

"கோல மட்டும் பாருங்கன்னு அவரு கத்தியிருக்காரு. இப்ப என்னைப் பாப்பாங்களான்னு எனக்கே தெரியாது. பாத்தாலும், நான் நேரம் தப்பித் தூக்கினா உன் கதையோட என் வேலையும் போச்சு" என்றேன்.

"தெரியும். அதான் கெஞ்சறேன்."

பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகளிடம் நான் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தால் ஐம்பது வாய் வழியாகப் புரொபசர் காதுக்குப் போயிருக்கும்.

ஆறு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. அரங்கு நிறைந்திருந்தது. முதலில் குழு மட்டும் ஒரு சின்ன உருப்படி வாசித்தது. பிறகு பியானோவை நடுவில் தள்ளி வைத்தார்கள். சுருட்டை வணங்கி, உட்கார்ந்து, நாற்காலியைச் சரிசெய்தாள். அவள் நிழலில் நான் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது வரிசையில் மடியில் குறிப்பேட்டோடு இருந்தவர்தான் பெரிய அரங்கின் ஆள். எட்டாவது வரிசையில் என் வீட்டுக்காரர். நம்ப முடியாமல் இரண்டு முறை பார்த்தேன். அவர் நோட்டீஸை மூக்கருகே வைத்து இன்னமும் தேடிக்கொண்டிருந்தார்.

நான் கல்லாக உட்கார்ந்தேன். தாள் திருப்ப எழும்போதெல்லாம் தோளை இறக்கி, கையை மட்டும் நீட்டினேன். முதுகு விண்விண் என்று தெறித்தது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாகக் கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழு நின்றது. சுருட்டை தனியானாள்.

அந்தக் கடென்ஸாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது நன்றாக இருந்தது. காலையில் இரண்டு முறை பாதியில் நின்றுபோனதால் முழுதாக அப்போதுதான் கேட்டேன். என்னால் அப்படி ஒன்று எழுத முடியாது, அவளைப் போல வாசிக்கவும் முடியாது. அது வலித்தது. இருந்தாலும் மூன்று மணிக்கு நான் சொன்னது சரிதான் என்று முதல்முறையாகத் தோன்றியது. பொய் டிரில் வந்து போனது. யாரும் ஏமாறவில்லை. நீளத் தாளின் கடைசி வரிக்கு வந்தாள். வலது கை ஓடி இறங்கி, கடைசி டிரிலில் போய் நின்றது.

ஒன்று. நன்றாக இருந்தது. இரண்டு. மணிக்கட்டின் நரம்பு கயிறாகப் புடைத்தது. குறைந்தது நாலு நொடி வேண்டும். நான் புரொபசரைப் பார்த்தேன். அவர் கோலை இறக்கி வைத்துக்கொண்டு, இன்னும் நேரமிருக்கிறது என்ற நம்பிக்கையில், தன் நோட்டின் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். சுருட்டையின் ஒரு விரல் இழுத்தது. டிரில் திக்கியது. அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

நான் தோளைத் தூக்கினேன்.

ஐம்பது பேரும் உள்ளே வந்தார்கள். ஒருவர் முன்னே இல்லை, ஒருவர் பின்னே இல்லை. மூன்று மாதத்தில் என்னிடம்கூட அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. புரொபசரின் கோல், வழக்கம் போல, அரை நொடி கழித்து வந்து சேர்ந்தது. சபைக்கு என்ன தெரிந்தது? டிரில் கொஞ்சம் சின்னதாக இருந்தது, அது ஒரு சாமர்த்தியமாகக்கூடத் தோன்றியிருக்கலாம். சுருட்டை கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அந்தப் பகுதி முடியும்வரை பியானோவுக்கு வேலை இல்லை.

இரண்டாவது பகுதி மெதுவானது, கைக்கு ஓய்வு. மூன்றாவதில் நீளமான டிரில் கிடையாது, ஓட்டம்தான். அதை அவள் ஓடி முடித்தாள். கடைசி ஒலி அடங்குவதற்குள் சபை எழுந்துவிட்டது. மூன்றாவது வரிசை ஆள் குறிப்பேட்டை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு, எழுந்து, இரண்டு கையும் தலைக்கு மேலே வர, தட்டினார். சுருட்டை அதைப் பார்த்தாள். புரொபசரின் கையைக் குலுக்கினாள், முதல் வயலின்காரியின் கையைக் குலுக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என்னைத் தொடவில்லை. பக்கம் திருப்புகிறவர்களுக்கு யாரும் கை கொடுப்பதில்லை, அது வழக்கமும் இல்லை. நான் தலையைக் குனிந்து நோட்டுத் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். எனக்குக் களைப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

புரொபசர் குழுவைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினார். எல்லோரும் எழுந்து கைதட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுபடி உயர்த்தினார். வயலின்கள் மடியில், முகங்கள் நேராக, ஐம்பது பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுருட்டையும் கையை நீட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஊஹூம். சபை இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தது. "எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று புரொபசர் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். எனக்குப் பதறியது. இந்த நேரத்தில் இதுகளுக்கு என்ன வந்தது?

முதல் வயலின்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் இருந்தவனும். அவனுக்குப் பின்னால் இருந்தவளும்.

"எழுந்திரு பொண்ணே" என்றேன், உதடு அசையாமல்.

"நீங்க முதல்ல, மேடம்."

அது பழக்க தோஷமா, வேறு ஏதாவதா என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை. அடுக்கிய தாள்களை நாற்காலியில் வைத்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒத்திகையில் எழுவது போலவே, மெதுவாக எழுந்தேன்.

பரீட்சை எண்களின் மேல் ஐம்பது நாற்காலிகளும் ஒரே நேரத்தில் உராய்ந்தன. சபையின் சத்தம் இரட்டிப்பானது. சுருட்டை தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்டாவது வரிசையில் என் வீட்டுக்காரர் நோட்டீஸைக் கீழே போட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. நான் உட்காரும்வரை அவர்களில் ஒருவரும் உட்காரவில்லை.